நீலப் படலம்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த மாசம் முடியறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சா, எப்படிப் பிடிச்சுதுன்னு எழுத்துல இருக்கட்டும்னு இன்னைக்கு டைரியைத் திறந்திருக்கேன்.

28ஆம் தேதி ‘நாரை’யோட தரவு மொத்தத்தையும் உலகத்துக்குத் திறந்து விடணும். நாரைங்கறது ரெண்டு வருஷம் முன்னாடி நிலாவுல இறங்குன எங்க தரையிறங்கி. ஆள் கிடையாது, வெறும் எந்திரம். நிலாவுல ஒரு பகல்னா நமக்குப் பதினாலு நாள். அந்த ஒரு பகல் வேலை செஞ்சுது, இருட்டு வந்ததும் குளிர்ல விறைச்சுப் போச்சு. அவ்வளவுதான் அதோட ஆயுசு. அது அனுப்புன படம், வெப்பம், அதிர்வு எல்லாத்தையும் அடுக்கி, விளக்கம் எழுதி, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் திறந்தாலும் புரியற மாதிரி வைக்கிறது என் வேலை. எங்க சொந்தக்காரங்க, “மயிலாத்தா நிலாவுல வேலை பாக்குது”ம்பாங்க. நான் வேலை பாக்கறது கோயமுத்தூர்ல, ரெண்டாவது மாடியில, ஏசி ஓடாத ரூம்ல.

ஆபீஸ்ல என்னை ராட்சசின்னு சொல்றதுக்குக் காரணம் ‘வெளியாள் சோதனை’. நாரைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைங்கற ஒருத்தர்கிட்ட தரவையும் விளக்கத்தையும் குடுத்துருவேன். எங்க குழுவுல யாரையும் அவங்க கேட்கக் கூடாது. விளக்கத்தைப் படிச்சே படத்தைச் சரியா எடுத்துக் காட்டணும். முடியலைன்னா தப்பு அவங்க மேல இல்லை, எங்க மேல. இந்தத் தடவை வெளியாள் ரெஜினா. பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல இயற்பியல் சொல்லிக் குடுக்கற பொண்ணு. சந்தேகம் வந்தா எனக்கு மட்டும் மெயில் போடலாம்.

நாலு மணிக்கு நாச்சியப்பன் சார் டீக்கு வந்தார். கேமராக் குழுவுக்குத் தலைவர். முப்பது வருஷமா அந்த நேரத்துக்கு என் ரூமுக்கு வருவார், என் பிளாஸ்க்ல இருக்கற டீயைக் குடிச்சுட்டு, “கோயமுத்தூர்த் தண்ணி நல்லாருக்கு, டீதான் சுமார்”னு சொல்லிட்டுப் போவார். தேவகோட்டைக்காரருக்கு நக்கல் இல்லாம நாக்கு அசையாது.

பிப்ரவரி 5, புதன்

தர ஆய்வு ஜோசப் சாருக்கு இன்னைக்கு வழியனுப்பு விழா. கேண்டீன்ல பிரியாணி, கேசரி. எப்பவும் போல ஆயுத பூஜைக் கதை வந்துச்சு. அந்தக் கதை சொல்லாம இங்க எந்த விழாவும் முடிஞ்சதில்லை.

நாரை கிளம்பறதுக்கு முந்தின வருஷம், கேமராவைத் தூசியில்லா அறைக்குள்ள அனுப்பறதுக்கு முதல் நாள் ஆயுத பூஜை வந்துச்சு. நாச்சியப்பன் சார் வீட்டுல இருந்து குங்குமமும் சந்தனமும் கொண்டு வந்தார். உற்சாகத்துல ஸ்டேப்ளர், திருப்புளி, மேஜை, கேமராப் பெட்டி, அதோட கூடவே போற தாங்கின்னு கண்ணுல பட்டதுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சு. சுண்டல் வாங்க உள்ள வந்த ஜோசப் சார் அதைப் பாத்துட்டு, “யோவ்! நிலாவுக்குப் போற பொருளுய்யா! கல்யாணத்துக்குப் போற பொண்ணாய்யா?”ன்னு அலறினார். சுண்டலைக் கீழ வச்சுட்டு எல்லாரும் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துத் துடை துடைன்னு துடைச்சோம்.

இன்னைக்கு ஜோசப் சாரே எந்திரிச்சு நின்னு அதே மாதிரி அலறிக் காட்டினார். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கல் வந்துருச்சு.

பிப்ரவரி 7, வெள்ளி

ஏசி மெக்கானிக் இன்னைக்கும் வரலை. நாளைக்கு வர்றானாம். அவனுக்கு நாளைங்கறது எந்தக் கிழமைன்னு தெரியலை.

பிப்ரவரி 10, திங்கள்

ரெஜினா கெட்டிக்காரி. நானூறு படத்தையும் திறந்துருச்சு. என் விளக்கத்துல ஒரே ஒரு இடத்துலதான் தடுக்கி விழுந்துச்சாம். அதைத் திருத்திட்டேன். கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கு.

அந்தக் கேள்வி நீலப் படலத்தைப் பத்தினது. நாரை இறங்கும்போது அதோட எஞ்சின் ஊதுன ஊதல்ல மேல் தூசியெல்லாம் பறந்து, அடியில இருந்த தரை லேசான நீலமா தெரிஞ்சுது. வெயில் பட்டு, நம்ம கணக்குல மூணாவது நாள், அந்த நீலம் சுத்தமா மறைஞ்சு போச்சு. நிலாத் தரைக்கு அடியில என்னமோ ஒரு மெல்லிசான பொருள் இருக்கு, வெயில் பட்டா ஆவியாயிருதுன்னு நாச்சியப்பன் சார் கட்டுரை எழுதினார். பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. அடுத்து அனுப்பப் போற எந்திரம் அதே இடத்துக்குப் போய்த் தோண்டிப் பாக்கணும்னு முடிவே ஆயிருச்சு. மனுஷன் முப்பது வருஷமா அடுத்தவங்க கண்டுபிடிப்புக்குக் கேமரா செஞ்சு குடுத்தார். இது ஒண்ணுதான் அவர் பேர்ல இருக்கறது. வர்ற ஜூன்ல ரிட்டயர்.

ரெஜினா கேட்டது இதான்: “மேடம், முதல் நாள் படங்கள்ல தரை மட்டும் இல்லை, நாரையோட காலும் நீலமா இருக்கே? அதுவும் மூணாவது நாள் மறைஞ்சிருதே. காலுக்குமா படலம்?”

எங்க ஆளுங்க யாரும் இதைப் பாத்திருக்க மாட்டாங்க. ஆராய்ச்சிக்குப் படத்தை எடுத்துக்கும்போது தரையிறங்கியோட கால், கை தெரியற இடத்தையெல்லாம் வெட்டிட்டுத் தரையை மட்டும் வச்சுக்குவாங்க. நான் அடுக்கி வைக்கிற காப்பகத்துல வெட்டறதுங்கற பேச்சே கிடையாது. வந்தது வந்தபடி இருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பாதி ஆபீஸ் மருதமலையில. நாச்சியப்பன் சார் மட்டும் வந்திருந்தார். டீ ஊத்திக் குடுத்துட்டு ரெஜினா கேட்டதைச் சொன்னேன்.

“வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டுப் புல்வெளியில நின்னா வேட்டியில பச்சை அடிக்காது? தரையில இருக்கற நீலம் காலுல அடிக்குது. அது மறையும்போது இதுவும் மறையுது. நல்ல பொண்ணு, நல்லாப் பாத்திருக்கு”ன்னார்.

அப்பாடான்னு இருந்துச்சு. அப்படியே ரெஜினாவுக்கு எழுதிப் போட்டுட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ரெஜினாகிட்ட இருந்து மறுபடி மெயில். நாரையோட தலையில ஒரு வெள்ளிப் பெட்டி இருக்காம், அது வானத்தைப் பாத்தாப்ல இருக்காம், தரை வெளிச்சம் அதுல பட வழியே இல்லையாம். அதுவும் முதல் நாள் நீலமாம்.

நாளைக்குப் பதில் எழுதிக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெப்ப அளவுக் கோப்பெல்லாம் முடிஞ்சுது. அதிர்வுக் கோப்புல தேதி முன்னுக்குப் பின் இருந்ததைச் சரி பண்ணினேன். நல்ல வேலை ஓடுச்சு. ரெஜினாவுக்கு நாளைக்கு எழுதணும். டீக்கு வந்தவர்கிட்ட வெள்ளிப் பெட்டியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. அவர் அடுத்த எந்திரத்துல போற கரண்டியைப் பத்திப் பேசிட்டே இருந்தார். நிலாவுல அந்த நீலத்தை வழிச்சு எடுக்கற கரண்டி. சின்னப் பையன் மாதிரி கையை வளைச்சு வளைச்சுக் காட்டறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேத்து சூலூர்ல கல்யாணம். வீட்டுக்காரர் சாம்பார் வாளி வர்ற வழியில போய் உக்காந்திருக்கார். புது வேட்டியில தொடை அகலத்துக்கு மஞ்சக் கறை. காலையில நான் திட்டுன திட்டுல பக்கத்து வீட்டு நாய் கூட எந்திரிச்சுப் போயிருச்சு. சோப்புப் போட்டேன், கறை செவசெவன்னு ஆச்சு. ரெண்டு அலசு அலசினேன், திரும்ப மஞ்சளாச்சு.

“ஏம்புள்ள இத்தனை பாடு? வெயில்ல போடு, போயிரும். மில்லுல முப்பத்தஞ்சு வருஷம் துணியோட குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?”ன்னார்.

போட்டேன். மத்தியானம் பாத்தப்ப பாதி இருந்துச்சு. சாயங்காலம் எடுக்கப் போனா கறை இருந்த இடம் எதுன்னே தெரியலை. இவருக்கு ஒரே பெருமை. “பாத்தியா, எப்படிக் கறை மறைஞ்சுதுன்னு?”

நான் கிளிப்பைக் கையில வச்சுட்டு அங்கயே நின்னுட்டேன்.

இன்னைக்கு இதுக்கு மேல எழுதலை. தலைவலி.

பிப்ரவரி 17, திங்கள்

டைரியில எழுதலைன்னா இல்லைன்னு ஆயிருமா? எழுதித் தொலைக்கறேன்.

கேமராவுக்கு எதிர்ல, தாங்கியில, கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டு இருக்கும். சுண்ணாம்புக் கட்டி மாதிரி மெத்துன்னு இருக்கற பொருள். கேமரா ஒவ்வொரு தடவையும் முதல்ல அந்த வட்டைப் படம் எடுக்கும். ‘இதுதான் வெள்ளை’ன்னு மனசுல வாங்கிக்கும். அதை வச்சுத்தான் மத்த நிறமெல்லாம் கணக்கு. அந்த வட்டு வெள்ளையா இல்லாம கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மஞ்சளா இருந்தா? மஞ்சளை வெள்ளைன்னு நம்பற கேமராவுக்கு வெள்ளையெல்லாம் நீலமாத் தெரியும். தரையும் நீலம், காலும் நீலம், தலையில இருக்கற பெட்டியும் நீலம். வெயில்ல அந்த மஞ்சள் வெளுக்க வெளுக்க நீலமும் மறைஞ்சு போகும்.

குங்குமத்தை எதுல செய்யறாங்க? மஞ்சள்ல. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா மஞ்சள் போகாது, கரைஞ்சு பரவும். மெத்துன்னு இருக்கற வட்டுக்குள்ள இறங்கும். வட்டோட வெண்மையை அளந்து சான்று வாங்குனது ஆயுத பூஜைக்கு முன்னாடி. அப்புறம் யாரும் அளக்கலை.

அன்னைக்கு எடுத்த குரூப் போட்டோ ரூம்ல சுவத்துலயே மாட்டியிருக்கு. எங்க எல்லார் பல்லும் தெரியுது. எனக்குப் பின்னாடி தாங்கி. தாங்கி விளிம்புல, வட்டை ஒட்டி, செக்கச்செவேல்னு பொட்டு. தினம் அந்தப் போட்டோவுக்குக் கீழதான் டீ குடிக்கறோம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமே தவிர, விளக்கத்துல ஒரு வரி எழுதணும்னு என் மரமண்டைக்குக் கூடத் தோணலை. எல்லாருக்கும் தெரிஞ்சது எதுக்கு எழுத்துலன்னு விட்டுட்டோம்.

டீக்கு வந்தார். பேசினார். போனார். நான் வாயைத் திறக்கலை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சொல்லிட்டேன்.

முதல்ல சிரிச்சார். “ஏன் மயிலா, உங்க வீட்டுக்காரர் வேட்டியும் என் நிலாவும் ஒண்ணா?”ன்னார். நான் வெள்ளிப் பெட்டியைப் பத்திச் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். டம்ளரைக் கீழ வச்சுட்டார்.

“துடைச்சோமே.”

“துடைச்சதுதான் சார் வினை.”

முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் மெதுவாத்தான் சொன்னார். “உங்க வேலை பெட்டியை அடுக்கறது. அடுக்குங்க. உள்ள இருக்கறதைப் பத்தி நாங்க பாத்துக்கறோம்.”

கதவைச் சாத்தக் கூட இல்லை, அப்படியே போயிட்டார். முப்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில இருந்து வந்ததில்லை. பாத்ரூம்ல போய் முகத்தைக் கழுவிட்டு வந்து அதிர்வுக் கோப்பைப் பாத்தேன். அழுகை வந்துச்சு. கோபமும் வந்துச்சு. ஆமா, பெட்டி அடுக்கறவதான். அடுக்கறவளுக்குத்தானே தெரியும் எந்தப் பெட்டி நாறுதுன்னு!

பிப்ரவரி 19, புதன்

வரலை.

பிப்ரவரி 20, வியாழன்

வரலை. பிளாஸ்க்ல பாதி டீ வீணாப் போகுது. நாளையில இருந்து கம்மியாப் போடணும்.

பிப்ரவரி 21, வெள்ளி

கம்மியாப் போட மறந்துட்டேன். வீட்டுல இவர் பிளாஸ்க்கை ஆட்டிப் பாத்துட்டு, “இன்னைக்கும் நாச்சியப்பன் வரலையாக்கும்?”ன்னார். “ஏன், வந்தா என்ன வராட்டி என்ன”ன்னு எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவர் என்ன பண்ணுவார். சோத்தைப் போட்டுட்டு ஒரு அப்பளம் அதிகமா வச்சேன்.

பிப்ரவரி 22, சனி

இயக்குநர் பாலசுந்தரம் சார் கூப்பிட்டனுப்பினார். வெளியாள் சோதனையில வந்த கேள்விக்குப் பதில் எழுதாம நான் தரவைத் திறக்க முடியாது. அதனால அவருக்குச் சொல்லித்தான் ஆகணும், வியாழக்கிழமையே சொல்லியிருந்தேன். ரெண்டு நாளா யோசிச்சிருக்கார்.

“மேடம், பெருசு பண்ண வேண்டாம். ‘வெள்ளை வட்டில் அடையாளம் தெரியாத மாசு, மிகச் சிறிய அளவு’ன்னு ஒரு வரி போட்டுருங்க. பொய்யும் இல்லை, புகைச்சலும் இல்லை. நாச்சியப்பன் ஜூன்ல மாலையோட வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் யாராவது கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்”ன்னார்.

எனக்கு ஆசையா இருந்துச்சு. இந்த டைரிகிட்ட எதுக்கு நடிப்பு? அந்த ஒரு வரியை எழுதிட்டா அவர் கண்டுபிடிப்பு நிலைச்சு நிக்கும். கரண்டி நிலாவுக்குப் போகும். நாலு மணிக்கு மறுபடியும் டீக்கு வருவார். ஒரே ஒரு வரிதான்.

ஆனா அடையாளம் தெரியாத மாசுன்னு எழுதினா அம்பது வருஷம் கழிச்சுத் திறக்கறவன் என்ன பண்ணுவான்? முதல் மூணு நாள் படத்தையும் குப்பைன்னு தூக்கிப் போடுவான். மஞ்சள்னு சொன்னா, மஞ்சள் எப்படி வெளுக்கும்னு கணக்குப் போட்டு அத்தனை படத்தையும் சரி பண்ணிக்குவான். அவனுக்கு நம்மகிட்ட கேக்க வழியில்லை. நாம போய்ச் சேர்ந்திருப்போம்.

“திங்கக்கிழமை சொல்றேன் சார்”னு வந்துட்டேன். திங்கக்கிழமைக்குள்ள மனசு மாறினா மாறட்டும்னுதான் சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அதிசயம், ஏசி மெக்கானிக் வந்தான். வெளிப் பெட்டியைப் பாக்கணும்னு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அங்க நாச்சியப்பன் சார். தலையில ஈரத் துண்டு. கையில அளக்கற கருவி. முன்னாடி ஒரு ஸ்டூல்ல, காத்தை உறிஞ்சி எடுத்த குடுவை. அதுக்குள்ள ஒரு வெள்ளை வட்டு. மூஞ்சியெல்லாம் கருத்துப் போச்சு.

“என்ன சார் இது?”

“வடகம் காயப் போட்டிருக்கேன். தெரியலை?”

மெக்கானிக் வாயைப் பொத்திட்டுச் சிரிச்சான். அவனை ஏசிகிட்ட அனுப்பிட்டுக் கிட்டப் போனேன்.

நாரைக்குச் செஞ்சப்ப உதிரியா இன்னொரு வட்டும் செஞ்சிருக்காங்க. ஒரே கட்டியில வெட்டினது. அதுல குங்குமம் வச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, போன செவ்வாய்க்கிழமை, நான் சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிருக்கார். குங்குமம் அவர் வீட்டுக்காரம்மா வள்ளியம்மை ஆச்சியோட டப்பாவுல இருந்து. அன்னைக்கும் அதே டப்பாதானாம். மூணு தலைமுறையா ஒரே கடையில வாங்கறாங்களாம். வெயில் இருக்கற நேரத்தை மட்டும் கூட்டிக் கூட்டி, வட்டு எவ்வளவு வெளுத்திருக்குன்னு அளந்துட்டே இருக்கார்.

“நீங்க சொன்னது தப்புன்னு காட்டத்தான் ஆரம்பிச்சேன் மயிலா.”

“காட்டியாச்சா சார்?”

“இன்னும் ரெண்டு நாள் வெயில் வேணும்.”

குரல்ல கோபம் இல்லை. மனுஷன் சாப்பிடக் கூடக் கீழ இறங்கலை போல. நான் கொண்டு போயிருந்த தக்காளிச் சாதத்தை மேலயே கொண்டு வந்து வச்சுட்டு வந்தேன். இயக்குநர்கிட்ட, “புதன்கிழமை வரைக்கும் பொறுங்க”ன்னுட்டேன்.

வர்ற வழியில காந்திபுரத்துல பிள்ளையார்கிட்ட வண்டியை நிறுத்தி, நான் சொன்னது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். தான் சொன்னது தப்பாப் போகணும்னு எவளாவது வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேகம். மாசி மாசத்துல கோயமுத்தூர்ல மேகம்! பத்து மணிக்கு மேலதான் விலகுச்சு. ஜன்னல்ல இருந்து எட்டி எட்டிப் பாத்துக் கழுத்து வலிக்குது.

பிப்ரவரி 26, புதன்

மூணு மணிக்கே என் ரூமுக்கு வந்துட்டார். கம்ப்யூட்டர்ல ரெண்டு வளைவு வரைஞ்சு கொண்டு வந்திருந்தார். ஒண்ணு நிலாவுல நீலம் மறைஞ்ச வளைவு. இன்னொண்ணு எங்க மாடியில மஞ்சள் வெளுத்த வளைவு.

ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சார். ஒரே கோடுதான் தெரிஞ்சுது.

அவர் கோட்டையே பாத்துட்டு இருந்தார். அப்புறம், “மயிலா, என் சர்வீஸ்ல இவ்வளவு அழகா எதுவும் ஒட்டி வந்ததே இல்லை. எங்க பாருங்க, இங்க, இந்த வளைவுல கூட. ஒரு புள்ளி வெளிய நிக்குதா?”ன்னார். கண்ணு பளபளன்னு இருந்துச்சு. சந்தோஷமா இருக்கார்! தன் வீடு இடியறதைப் பாத்து, என்ன சுத்தமா இடியுதுன்னு சந்தோஷப்படறாரே, இந்த மனுஷனை என்ன சொல்றது?

ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அவருக்கு அது உறைச்சுது. நாற்காலியில உக்காந்தார். துண்டால மூஞ்சியைத் துடைச்சார், துடைச்சுட்டே இருந்தார். நான் டீ ஊத்தினேன்.

“அன்னைக்குச் சொன்னது...”

“அது கிடக்குது சார். குடிங்க, ஆறுது.”

“கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிட்டேன். காலையிலயே. இந்த வளைவைப் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு.” டீயைக் குடிச்சார். டீயைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அது எனக்கு என்னமோ பண்ணுச்சு.

பிப்ரவரி 27, வியாழன்

நேத்துல இருந்து ரெண்டு பேரும் உக்காந்து அந்தக் குறிப்பை எழுதறோம். வட்டு, ஸ்பிரிட், வளைவு எல்லாம் அரைமணி நேரத்துல முடிஞ்சுது. பொட்டுலதான் மாட்டிக்கிட்டோம். எங்கயோ ஒரு தேசத்துல, எப்பவோ ஒரு காலத்துல படிக்கறவனுக்குக் கேமராவுக்கு எதுக்குப் பொட்டு வச்சோம்னு எப்படிச் சொல்றது? ‘மதச் சடங்கு’ன்னு அவர் எழுதினார், நான் அடிச்சேன். ‘அலங்காரம்’னு நான் எழுதினேன், அவர் அடிச்சார். கடைசியில இப்படி வந்து நின்னுச்சு:

“எங்கள் நாட்டில் ஆண்டுக்கு ஒரு நாள், நாங்கள் வேலை செய்யும் கருவிகளுக்கு நன்றி சொல்லி, மஞ்சளில் செய்த செந்தூளால் அவற்றின் மேல் பொட்டு வைப்போம். இந்தக் கேமராவுக்கும் வைத்தோம். பிறகு துடைத்தோம். முழுவதும் போகவில்லை.”

இயக்குநர் படிச்சுட்டு நெத்தியில கை வச்சுட்டார். “உலகமே சிரிக்கும் மேடம்.”

“சிரிக்கட்டும் சார். சிரிச்சுட்டுத் திருத்திக்குவாங்க.”

அவர் நாச்சியப்பன் சாரைப் பாத்தார். “நீங்களாவது சொல்லுங்க. உங்க பேரு சார் இது. அடுத்த எந்திரத்தையும் வேற இடத்துக்கு மாத்திருவாங்க.”

“மாத்தணும்ல? இல்லாத பொருளைத் தோண்ட அவ்வளவு தூரம் போவாகளா?”ன்னார் நாச்சியப்பன் சார். கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். இயக்குநரும் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிட்டுப் போட்டார்.

குறிப்பை ரெஜினாவுக்கு அனுப்பினேன். இதையும் சேத்துத்தான் சோதனை. இந்தக் குறிப்பை மட்டும் படிச்சு முதல் நாள் படத்தைத் திருத்தி அனுப்பணும். வேற ஒண்ணும் சொல்லலை.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில பத்தரைக்கு ரெஜினா படம் வந்துச்சு. மெயில்ல, “மேடம், எங்க லேப்ல மைக்ராஸ்கோப்புக்கு நானே வருஷா வருஷம் பொட்டு வைக்கிறேன், இனிமே லென்ஸ் பக்கம் போக மாட்டேன்”னு எழுதியிருந்துச்சு. சிரிச்சுட்டே படத்தைத் திறந்தேன். உடனே மாடிக்கு ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். ஸ்டூலையும் குடுவையையும் எடுத்து வச்சுட்டு இருந்தாராம். அப்படியே வந்தார்.

நாரை இறங்கி முதல் மணி நேரத்துல எடுத்த படம். இந்தப் படத்துல ரெண்டு வருஷமா நீலமாவே பாத்த தரை. இப்ப சாம்பல். வெறும் சாம்பல். சின்னச் சின்னக் கல்லு, கல்லுக்குப் பின்னாடி கரேல்னு நிழல், அந்தப் பக்கம் ஒரு மேடு. மேட்டுக்கு மேல கருப்பு வானம். நாரையோட கால் வெள்ளையா, நாங்க பெயின்ட் அடிச்ச அதே வெள்ளையில நிக்குது.

நாச்சியப்பன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டுக் குனிஞ்சு பாத்தார். ஸ்கிரீனுக்கு ஒரு சாண் தூரத்துல முகம்.

“இறங்குன அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சா அது?”

“இப்படித்தான் சார்.”

“நான் இதைப் பாத்ததே இல்லையே மயிலா.”

எனக்கு அழுகை வந்துருச்சு. மறைக்கலை, எதுக்கு மறைக்கணும். அவரும் அழுதார். ஏசி மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் எடுக்க உள்ள வந்தவன் எங்களைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டான். யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சிருப்பான்.

பன்னண்டு மணிக்குத் தரவைத் திறக்கணும். முகப்புப் பக்கத்துல ஒரு படம் போடறது வழக்கம். பழைய நீலப் படத்தை எடுத்துட்டு இதை வச்சேன். படத்துக்குக் கீழ எடுத்தவர் பேர் போடற இடம் காலியா இருந்துச்சு. அவர் அதையே பாத்துட்டு இருந்தார். கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்ச மாதிரி தொண்டையைச் செருமினார்.

“இந்தப் படத்துக்குக் கீழ என் பேரைப் போடலாம்ல?”

“உங்க பேருதான் சார். நீங்க எடுத்த படம்”னு சொல்லி, அவர் பாக்கப் பாக்க நானே டைப் பண்ணினேன்.